ஒரு துளி எச்சில், 75 வருஷம்

பரமத்தி வேலூர் தாலுகாவில் இருப்பவர்களுக்கு 2023 கோடைகாலத்தை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. அந்த வருஷம் மார்ச் மாதம் ஜேடர்பாளையம் பக்கம் ஆடு மேய்க்கப் போன ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். போலீஸ் 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தது. ஊரில் பலர் அதை நம்பவில்லை. கரும்பாலைக் கொட்டகைகளில் தங்கி வேலை செய்யும் வடமாநில ஆட்கள் மேல் சந்தேகம் திரும்பியது. அதற்கப்புறம் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் எரிந்தன. தோட்டத்தில் நின்ற வாழையையும் பாக்கையும் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிச் சாய்த்தார்கள். மே மாதம், கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேலேயே தீ வைத்தார்கள். ஒருவர் இறந்துபோனார். பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்தைத் தவிர வேறு எதற்கும் வெளியூரில் பேர் அடிபடாத ஒரு பகுதி, போலீஸ் பந்தோபஸ்தில் கிடந்தது.

இந்த மாதிரி நேரத்தில் ரொம்ப நல்ல மனுஷர்கள்கூட ஒரு யோசனை சொல்வார்கள். "எதுக்குங்க இத்தனை கலாட்டா? கொட்டாயில இருக்கறவன், ஊருக்குள்ள இருக்கறவன், அத்தனை பேருக்கும் டி.என்.ஏ டெஸ்ட் எடுத்தா ஒரே நாள்ல தெரிஞ்சு போச்சு. தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்தவன் கொட்டகையைக் கொளுத்துவதைவிட ஆஸ்பத்திரியில் ஊசி குத்திக்கொள்வது எவ்வளவோ மேல். பிரச்சினை அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

முதலில் டி.என்.ஏ-வுக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். உலகத்திலேயே முதன்முதலாக ஒரு கொலை வழக்கில் டி.என்.ஏ பயன்பட்டது இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில். 1983-லும் 1986-லும் 15 வயதுப் பெண்கள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். போலீஸ் ஒரு 17 வயதுப் பையனைப் பிடித்தது, அவன் ஒரு கொலையை ஒப்புக்கொள்ளவும் செய்தான். அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி சோதித்துப் பார்த்து "இவன் இல்லை" என்றார். ஆக, அந்தத் தொழில்நுட்பம் செய்த முதல் வேலை ஒரு நிரபராதியை வெளியே விட்டதுதான். (இதை வைத்து ஜேடர்பாளையம் வழக்கைப் பற்றி யாரும் எதுவும் முடிவுகட்ட வேண்டாம். அது கோர்ட்டின் வேலை.)

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்து 1987-ல் சுற்றுவட்டாரத்து ஆண்கள் சுமார் 5,000 பேரிடம் சாம்பிள் எடுத்தார்கள். நம்ம டீக்கடை யோசனைதான், அப்படியே. யாருடையதும் பொருந்தவில்லை. கொலைகாரன் தன் பேரில் தன்னோடு வேலை செய்தவனை அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தான்! அந்த ஆள் பப்பில் உட்கார்ந்து உளறியது இன்னொருவர் காதில் விழுந்து, அது போலீஸுக்குப் போய், அப்புறம்தான் பிடிபட்டான். 5,000 பேர் ரத்தம் செய்யாததை ஒருவனின் ஓட்டை வாய் செய்தது.

சரி, இங்கிலாந்து எதற்கு? தமிழ்நாட்டிலேயே இருக்கிறது ஒரு வழக்கு.

2022 டிசம்பர் 26. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். தலித் மக்கள் குடிக்கும் 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. நாடே காறித் துப்பியது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்கு மாறியது. தொட்டியில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட டி.என்.ஏ பரிசோதனை செய்யலாம் என்று முடிவானது. முதலில் 11 பேருக்குக் கோர்ட் அனுமதி கொடுத்தது. 2023 ஏப்ரலில் 3 பேர் வந்து ரத்தம் கொடுத்தார்கள், 8 பேர் வரவில்லை. அந்த 8 பேர் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள், எங்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். விஷயம் ஹைகோர்ட் மதுரைக் கிளை வரை போனது. அவர்கள் தரப்பைக் கேட்டுவிட்டு முடிவு செய்யும்படி கீழ்க்கோர்ட்டுக்கே வந்தது. கடைசியில் அவர்களும் கொடுத்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். அப்புறம் சிறுவர்கள். மொத்தம் 31 பேர்.

பொருந்தியது? ஒன்றுகூட இல்லை.

2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதில் இருக்கும் 3 பேரும் அதே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். செல்போனில் இருந்த படங்கள், பேச்சுப் பதிவுகள் என்று வேறு ஆதாரங்களைக் காட்டினார்கள். ஊர் மக்கள் ஏற்கவில்லை, பல கட்சிகளும் இயக்கங்களும் சி.பி.ஐ விசாரணை கேட்டன. குற்றப்பத்திரிகை சரியா தவறா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். இங்கே கேள்வி வேறு. 31 பேர் உடம்பில் ஊசி குத்தியதால் அந்த ஊருக்கு என்ன கிடைத்தது? உண்மை கிடைக்கவில்லை, நம்பிக்கையும் கிடைக்கவில்லை. இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. விசாரணை நடக்கிறது என்று காட்டுவதற்கு டி.என்.ஏ ஒரு நல்ல வேஷம். பேப்பரில் 'அதிரடி' என்று போடலாம், மாதக்கணக்கில் 'ரிசல்ட் வரவில்லை' என்று சொல்லலாம்.

வேங்கைவயலிலாவது ஒவ்வொரு தடவையும் கோர்ட் நடுவில் இருந்தது. மறுத்தவர்கள் மதுரை வரை போக முடிந்தது. இப்போது கையில் இருக்கும் சட்டத்தைப் பாருங்கள்.

2022 ஏப்ரல் மாதம் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மார்ச் 28-ல் அறிமுகம், ஏப்ரல் 6-ல் இரண்டு சபையும் முடிந்துவிட்டது. பத்தே நாள். குழுவுக்கு அனுப்பிப் பரிசீலியுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கத்தியது காதில் ஏறவில்லை. ஆகஸ்ட் 4 முதல் அமலில் இருக்கிறது. இதற்கு முன்னால் இருந்தது 1920-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். அதில் கைரேகை, கால்ரேகை, போட்டோ, உடல் அளவு, அவ்வளவுதான். புதுச் சட்டத்தில் கருவிழி, விழித்திரை, கையெழுத்து, 'உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும்' வந்துவிட்டன. டி.என்.ஏ என்ற மூன்று எழுத்தைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவைக் கை காட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிரிவில் 2005 திருத்தத்தோடு டி.என்.ஏ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 51-ஆம் பிரிவு. கைதானவரை இப்படிப் பரிசோதிக்கச் சொல்ல முன்பு சப்-இன்ஸ்பெக்டராவது வேண்டும். 2024 ஜூலை 1 முதல் 'எந்தப் போலீஸ் அதிகாரியும்' சொல்லலாம்.

யாரிடம் எடுக்கலாம்? எந்தக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரிடமும், எந்தக் குற்றத்துக்காகக் கைதானவரிடமும். தடுப்புக் காவலில் இருப்பவரிடமும். ஒரு சலுகை இருக்கிறது. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றமாக இல்லாமல், ஏழு வருஷத்துக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமாகவும் இல்லாமல் இருந்தால், கைதானவர் உயிரியல் மாதிரி கொடுக்க மறுக்கலாம். நல்ல விஷயம்தானே? இப்போது ஒரு உதாரணம். வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 7 வருஷம். அது 'ஏழு வருஷத்துக்குக் குறையாத' என்பதற்குள் வருமா, வராதா? வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்டேஷனில் வக்கீல் இருக்க மாட்டார். அளவெடுக்க அதிகாரம் உள்ள போலீஸ் அதிகாரி என்றால் யார் என்று சட்டமே சொல்கிறது, தலைமைக் காவலரும் அதற்கு மேலும். அதாவது ஏட்டு. 'உங்களுக்கு மறுக்க உரிமை உண்டு' என்று ஏட்டு விளக்கிச் சொல்லி, அந்த ஆள் யோசித்து 'வேண்டாங்க' என்று சொல்லி... நடக்கிற காரியமா இது? அதுவும் தமிழே தெரியாத கொட்டகைத் தொழிலாளியிடம்? கொடுக்க வேண்டியவர் மறுத்தால் அதுவே தனிக் குற்றம், அரசு ஊழியரின் கடமையைத் தடுத்த குற்றம். கட்டாயப்படுத்தி எடுக்கவும் வழி இருக்கிறது.

அதோடு 5-ஆம் பிரிவு. விசாரணைக்குத் தேவை என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் 'எந்த நபரையும்' அளவு கொடுக்க உத்தரவிடலாம். எந்த நபரையும். கைதாகியிருக்க வேண்டியதில்லை, சந்தேக நபராக இருக்க வேண்டும் என்றுகூட அந்த வரியில் இல்லை.

எடுத்த விவரத்தை டெல்லியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 வருஷம் வைத்திருக்கும். 20 வயதில் கொடுத்தவருக்கு 95 வயது வரை. விடுதலையானால் அழித்துவிடுவார்கள் என்று சொல்வார்கள். அந்த வரியை முழுசாகப் படிக்க வேண்டும். சிறைத்தண்டனைக்குரிய குற்றம் எதிலும் முன்பு தண்டிக்கப்பட்டிருக்கக் கூடாது. விசாரணையில்லாமல் விடப்பட்டோ விடுவிக்கப்பட்டோ விடுதலை செய்யப்பட்டோ இருக்க வேண்டும். அதுவும் 'எல்லாச் சட்ட வழிகளும் முடிந்த பிறகு'. அதாவது பரமத்தி கோர்ட்டில் விடுதலையானால் போதாது. அரசு அப்பீல் போனால் சென்னை, அங்கேயும் ஜெயித்தால் டெல்லி. அப்புறமும் மாஜிஸ்திரேட்டோ கோர்ட்டோ காரணம் எழுதி 'வைத்திருங்கள்' என்றால் இருக்கும். அழிப்பது தானாக நடப்பதும் இல்லை. 2022 செப்டம்பரில் வந்த விதிகள்படி அதற்கென நியமித்த அதிகாரியிடம் கோரிக்கை போக வேண்டும். ஒடிசாவுக்குத் திரும்பிப் போன தொழிலாளி, விடுதலைத் தீர்ப்பு நகலோடு, தமிழ்நாட்டு அதிகாரிக்கு மனு எழுதுவார் என்று யார் எதிர்பார்த்து இதை எழுதினார்களோ!

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வேங்கைவயலில் சாம்பிள் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் மாதிரி, கைதே ஆகாத, குற்றமே சாட்டப்படாத ஓர் ஆள் நாளைக்கு 5-ஆம் பிரிவு உத்தரவில் ரத்தம் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவர் விடுதலையாக முடியாது. ஏனென்றால் அவர் மேல் வழக்கே இல்லை! அழிக்கும் வரி அவரைத் தொடவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவரைவிட, எந்தக் குற்றமும் சாட்டப்படாதவர் நிலைமை மோசம். இது வேண்டுமென்றே எழுதியதா, அவசரத்தில் விட்டதா என்பது முக்கியமில்லை. பத்து நாளில் சட்டம் போட்டால் இப்படித்தான் வரும்.

கைரேகையும் இதுவும் ஒன்றுதானே, 1961-லேயே சுப்ரீம் கோர்ட்டின் 11 நீதிபதிகள் கைரேகை எடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வைப்பது ஆகாது என்று சொல்லிவிட்டார்களே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கைரேகை ஒருவனுடையது மட்டும்தான். டி.என்.ஏ அப்படி இல்லை. அதில் பாதி அப்பா, பாதி அம்மா. அண்ணன் ஸ்டேஷனில் கொடுத்த எச்சிலில் தம்பியும் இருக்கிறான், பெரியப்பா மகனும் கொஞ்சம் இருக்கிறான். 2018-ல் கலிபோர்னியாவில் பல வருஷம் கழித்து ஒரு தொடர் கொலைகாரனைப் பிடித்தது இப்படித்தான். அவன் டி.என்.ஏ எந்தப் பட்டியலிலும் இல்லை, வம்சாவளி தேடும் இணையதளத்தில் தூரத்து உறவினர்கள் போட்டிருந்ததை வைத்து மரம் வரைந்து பிடித்தார்கள். (அவன் ஒரு முன்னாள் போலீஸ்காரன் என்பது தனிக்கதை.) அந்த வழக்கில் நல்லதுதான் நடந்தது. ஆனால் சாதிக்குள்ளேயே கல்யாணம், தாய்மாமன் மகள், அத்தை மகன் என்று ரத்தம் சுற்றிச் சுற்றி வரும் ஊர்களில் ஒருவனிடம் எடுத்த சாம்பிள் எத்தனை பேரைக் கூண்டில் ஏற்றும் என்று யோசியுங்கள். எந்தச் சாதிக்காரனை அடிக்கடி பிடிக்கிறார்களோ, அந்தச் சாதியின் வம்சமே டெல்லிக் கம்ப்யூட்டரில் ஏறும்.

மிகைப்படுத்தல் என்று தோன்றினால் 1920-க்குப் போய்ப் பாருங்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கம் மக்கள் அந்தப் பேரில் சொல்லவில்லை, 'ரேகைச் சட்டம்' என்றார்கள். ஏனென்றால் அவர்களுக்கு அது தெரிந்ததே கட்டைவிரல் வழியாகத்தான். பிறந்த சாதிக்காக ரேகை வைக்க மாட்டோம் என்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அதே வருஷம்தான் கைதிகளின் அளவெடுக்கும் அந்தப் பழைய சட்டமும் வந்தது. சேலம் நாமக்கல் சமவெளிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள், 'சேலம் உப்புக் கொறவர்', 'சேலம் மேல்நாட்டுக் கொறவர்' என்று ஊர்ப்பேரோடு சேர்த்தே எழுதியிருக்கிறது. சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியாததா? அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருப்பவர்களிடம் போய் 'தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம்' என்று கேளுங்கள்.

இன்னொரு பயமும் உண்டு, அது படித்தவர்களுக்கும் பொருந்தும். சாம்பிள் என்பது வெறும் பஞ்சு, பாட்டில், லேபிள். அதைத் தொடுவது மனிதர்கள். ஜெர்மனியில் 2007-ல் ஹைல்பிரான் ஊரில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டி.என்.ஏ வேறு பல குற்ற இடங்களிலும் கிடைத்தது. கொலை, திருட்டு என்று மூன்று நாட்டில் ஒரே பெண்! 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள். 2009-ல் கண்டுபிடித்தார்கள், அது சாம்பிள் எடுக்கும் பஞ்சுக் குச்சியை பாக்கெட் போட்ட கம்பெனித் தொழிலாளியின் டி.என்.ஏ. இல்லாத பேயைத் தேடி இரண்டு வருஷம்.

ஜெர்மனியிலேயே அப்படி. தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. 2018-ல் ஒருவருக்குத் தூக்கு விதித்தார்கள், 2019-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை உறுதி செய்தது. அரசுத் தரப்பின் முக்கிய ஆயுதம் டி.என்.ஏ. 2025 ஜூலை 15-ல் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. சாம்பிள் எடுத்ததிலிருந்து லேபுக்குப் போகும் வரை யார் கையில் இருந்தது, ஏன் தாமதம் என்பதற்கே ஒழுங்கான பதில் இல்லை. இனிமேல் 48 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கை மாறுதலும் பதிவேட்டில் ஏற வேண்டும், விசாரணை நடக்கும்போது கோர்ட் அனுமதியில்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று நாடு முழுக்க உத்தரவு போட்டது. ஒரு பொட்டலத்தை எப்படிக் கை மாற்றுவது என்று சுப்ரீம் கோர்ட் பாடம் எடுக்கும் நிலையில், அதே போலீஸிடம் 75 வருஷச் சேமிப்பு! அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். 14 வருஷம் கழித்து அவர்களுக்குக் கிடைத்தது, கொன்றது யார் என்று தெரியாது என்ற பதில். அலட்சியமாக எடுத்த டி.என்.ஏ குற்றம் சாட்டப்பட்டவரை மட்டும் அடிப்பதில்லை.

லேபுகளைக் கண்காணிக்க ஒரு வாரியம், தனித்தனி டேட்டா பேங்க் என்று 2019-ல் டி.என்.ஏ தொழில்நுட்ப மசோதா ஒன்று மக்களவைக்கு வந்தது. குறைகள் நிறைய இருந்தன, நிலைக்குழு 2021-ல் சுட்டிக்காட்டியது. திருத்திக் கொண்டுவந்திருக்கலாம். 2023 ஜூலையில் மசோதாவையே திரும்பப் பெற்றார்கள். எடுக்கும் சட்டம் அமலில் இருக்கிறது, காக்கும் சட்டம் காணாமல் போனது.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவராத கோரிக்கைகள் என்று யாரும் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 11 வயதில் கைதாகி விடுதலையான ஒரு பையனின் சாம்பிளை வைத்துக்கொண்டது தவறு என்று 2008-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 17 நீதிபதிகளோடு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2012-ல் சட்டத்தை மாற்றி, நிரபராதிகளின் டி.என்.ஏ பதிவுகள் 17 லட்சத்துக்கு மேல் அழித்தார்கள். அதற்கப்புறம் இங்கிலாந்தில் கொலைகாரர்கள் யாரும் கொண்டாடிக்கொண்டு திரியவில்லை. டி.என்.ஏ அங்கே இன்றும் வேலை செய்கிறது.

2022 சட்டத்தின் 8-ஆம் பிரிவில், விதிகள் செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும் இல்லை, மாநில அரசுக்கும் இருக்கிறது. விடுதலையானவரின் பதிவை அழிக்கச் சொல்லும் கடிதம் அவர் மனு போடாமலேயே கோர்ட்டிலிருந்து நேராக அந்த அதிகாரிக்குப் போக வேண்டும் என்று ஒரு விதி. மறுக்கும் உரிமையை அவரவர் மொழியில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு விதி. குற்றம் சாட்டப்படாதவரிடம் எடுத்தது அந்த வழக்கோடு அழிய வேண்டும் என்று ஒரு விதி. கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்திருந்தாலும் இதற்கு டெல்லியில் போய் நிற்க வேண்டியதில்லை, ஒரு அரசாணை போதும்.